ஒரு ரெசிஸ்டர்தானே? சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர் பற்றி ஒரு குறை

சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர் பற்றிய அறிமுகக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு வாக்கியம் வரும். "ஒவ்வொரு செல்லுக்கும் தொடரில் ஒரு ரெசிஸ்டர் உண்டு, அது அவலாஞ்சை அணைக்கும்." அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த ரெசிஸ்டர் பற்றிப் பேச்சே இருக்காது. மின்புலம், பிரேக்டவுன் வோல்டேஜ், ஃபோட்டானைக் கண்டுபிடிக்கும் திறன், இருட்டு எண்ணிக்கை என்று எல்லாப் புகழும் டயோடுக்கே போகும். கல்யாண வீட்டில் சமையல்காரரை யாரும் மேடைக்குக் கூப்பிடாத கதைதான். இந்தக் குறிப்பு அந்தப் பழக்கத்தைப் பற்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சென்சாரின் பெரிய வரம்புகளில் பாதியைத் தீர்மானிப்பது டயோடு அல்ல, அந்த ரெசிஸ்டர். அதைப் பற்றிப் பேசாமல் விடுவது வெறும் எழுத்துக் குறை இல்லை. தப்பான சென்சாரை வாங்க வைக்கும் குறை.

முதலில் சாதனத்தைப் பார்த்துவிடலாம், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பிரேக்டவுன் வோல்டேஜுக்குச் சில வோல்ட் மேலே ஒரு டயோடை வைத்திருக்கிறோம். ஒரு ஃபோட்டான் வந்து ஒரே ஒரு எலெக்ட்ரானை விடுவித்தால் போதும், அது மோதி மோதிப் பெருகி ஒரு பிரவாகமாகிவிடும். இதுதான் அவலாஞ்ச். தானாக நிற்காது, நிறுத்த வேண்டும். அதற்காகத் தொடரில் ஒரு பெரிய ரெசிஸ்டர். அவலாஞ்ச் செல்லின் கெபாசிட்டன்ஸில் உள்ள சார்ஜைக் காலி செய்கிறது. டயோடின் வோல்டேஜ் பிரேக்டவுன் வரை இறங்குகிறது. ரெசிஸ்டர் வழியாக வரும் சொற்பக் கரன்ட் அவலாஞ்சை உயிரோடு வைத்திருக்கப் போதாது, அது செத்துவிடுகிறது. பிறகு அதே ரெசிஸ்டர் வழியாகச் செல் மறுபடி சார்ஜ் ஆகிறது. இப்படி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான செல்களை இணையாக வைத்தால் சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர். இதன் வேர் 1980களின் இறுதியில் சோவியத் ரஷ்யாவில் கோலோவின், சாதிகோவ் போன்றோர் செய்த வேலைகளில் இருக்கிறது. கவனியுங்கள், அந்த முதல் வடிவத்தின் பெயரே உலோகம், ரெசிஸ்டர், செமிகண்டக்டர் என்ற மூன்று அடுக்குகளால் ஆனது. கண்டுபிடித்தவர்கள் ரெசிஸ்டரைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள்தான் அதை மறந்தது.

ஏன் மறந்தார்கள்? எனக்குத் தோன்றும் காரணம் இது. இந்தத் துறையில் எல்லோரும் ரசித்துக் காட்டும் படம் ஒன்று உண்டு: ஒரு ஃபோட்டான், இரண்டு, மூன்று என்று விரல்களைப் போல வரிசையாக நிற்கும் சார்ஜ் ஹிஸ்டோகிராம். உண்மையிலேயே அழகான படம்தான். ஆனால் ஒரு செல் வெளியிடும் சார்ஜ் என்பது மிகை வோல்டேஜ் பெருக்கல் கெபாசிட்டன்ஸ். அந்தக் கணக்கில் ரெசிஸ்டர் கிடையாது. ஒரு செல்லின் ரெசிஸ்டர் பக்கத்துச் செல்லைவிட 10 சதவீதம் கூடுதலாக இருந்தாலும், போதுமான நேரம் கூட்டி அளந்தால், விரல்கள் அதே இடத்தில் அதே கூர்மையோடு நிற்கும். நாம் எந்தப் படத்தை வைத்துச் சென்சாரின் தரத்தை மதிப்பிடுகிறோமோ, அந்தப் படத்தின் கண்ணுக்கு ரெசிஸ்டர் தெரியவே தெரியாது. அதனால் ரெசிஸ்டர் முக்கியமில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. வேகம், தாங்கும் ஒளியளவு, குளிரில் நடத்தை எல்லாம் வேறு படங்களில்தான் தெரியும்.

எண்களைப் பார்ப்போம். ஹமமட்சுவின் எஸ்13360 வரிசையை எடுத்துக்கொள்கிறேன், பலரும் கையாண்டிருப்பீர்கள். 50 மைக்ரான் செல்லுக்கு 3 வோல்ட் மிகை வோல்டேஜில் பெருக்கம் 17 லட்சம். எலெக்ட்ரானின் சார்ஜால் பெருக்கி 3 வோல்டால் வகுத்தால் செல்லின் கெபாசிட்டன்ஸ் சுமார் 90 ஃபெம்டோஃபாரட். 25 மைக்ரான் செல்லுக்கு 5 வோல்டில் பெருக்கம் 7 லட்சம். அதே கணக்கில் சுமார் 22 ஃபெம்டோஃபாரட். பரப்பு நாலில் ஒன்று, கெபாசிட்டன்ஸும் ஏறக்குறைய நாலில் ஒன்று. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

இனி ரெசிஸ்டர். அவலாஞ்ச் சாக வேண்டுமானால் ரெசிஸ்டர் வழியே வரும் கரன்ட் 20 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்பது துறையில் புழங்கும் விதி. மிலான் பாலிடெக்னிக்கின் கோவாவும் சகாக்களும் 1996-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இது ஒரு வோல்ட் மிகைக்கு 50 கிலோ ஓம் என்ற வடிவில் வருகிறது. 3 வோல்ட் என்றால் 150 கிலோ ஓம். 5 வோல்ட் என்றால் 250 கிலோ ஓம். இந்த விதியில் செல்லின் அளவு எங்கே இருக்கிறது? இல்லை. இங்கேதான் எல்லா வம்பும் ஆரம்பம்.

செல்லைச் சிறிதாக்கினால் டயோடு சுருங்கும், கெபாசிட்டன்ஸ் சுருங்கும். ரெசிஸ்டர் சுருங்காது. சிறிய செல்லை வழக்கமாகக் கூடுதல் மிகை வோல்டேஜில் ஓட்டுவதால் ரெசிஸ்டர் கொஞ்சம் வளரவே வேண்டியிருக்கும். உதாரணத்துக்கு ஒரு சதுரத்துக்கு 10 கிலோ ஓம் தரும் பாலிசிலிக்கான் படலம் என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோ ஓமுக்கு 15 சதுரம்: 1 மைக்ரான் அகலக் கோடு, 15 மைக்ரான் நீளம். 50 மைக்ரான் செல்லின் ஒரு ஓரத்தில் அது சும்மா படுத்துக்கொள்ளும். 250 கிலோ ஓமுக்கு 25 மைக்ரான் நீளம், அதாவது 25 மைக்ரான் செல்லின் ஒரு பக்கம் முழுக்க. 10 மைக்ரான் செல்லுக்குப் போனால் அந்தக் கோடு இரண்டரைப் பக்க நீளம் வரும், மடித்துத்தான் வைக்க முடியும், செல்லின் கணிசமான பங்கு மறைந்துவிடும். அதே எஸ்13360 வரிசையில் ஒளி விழக்கூடிய பரப்பின் பங்கு 75 மைக்ரான் செல்லில் 82 சதவீதம், 50-ல் 74, 25-ல் 47. இந்தச் சரிவு முழுவதும் ரெசிஸ்டரால் வந்ததில்லை. செல்களுக்கு இடையில் ஒளி கசியாமல் வெட்டும் பள்ளங்களுக்கும் இடம் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே குணம்: செல் சுருங்கும்போது தாங்கள் சுருங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவை.

சரி, செல்லை ஏன் சிறிதாக்க வேண்டும்? ஒரு செல்லுக்கு ஒன்றா, பத்தா என்ற கணக்குத் தெரியாது. அடித்தது அல்லது அடிக்கவில்லை, அவ்வளவே. அதிக ஒளி வரும் இடத்தில் செல்களின் எண்ணிக்கைதான் அளவுகோலின் நீளம். ஒரு சதுர மில்லிமீட்டரில் 50 மைக்ரான் செல் 400, 10 மைக்ரான் செல் 10,000. கலோரிமீட்டர் கட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்.

20 மைக்ரோ ஆம்பியர் விதி மீதே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கோவா குழுவின் கட்டுரை மீது அல்ல. அதில் விதி எந்தச் சூழலுக்கு என்பது தெளிவாகவே இருக்கிறது: தனி டயோடு, வெளியே இணைத்த ரெசிஸ்டர், கூடவே ஒயரும் பேக்கேஜும் சேர்க்கும் கெபாசிட்டன்ஸ். அதை அப்படியே பெயர்த்து, சில பத்து ஃபெம்டோஃபாரட் மட்டுமே உள்ள செல்லில் கொண்டுவந்து வேதவாக்காக வைத்ததுதான் பிழை. யோசித்துப் பாருங்கள். பெருகும் பகுதி 1 மைக்ரான் தடிமன் என்றால் அதைக் கடக்க ஏறக்குறைய 10 பிக்கோ நொடி. 20 மைக்ரோ ஆம்பியர் ஓடும்போது அந்தப் பகுதிக்குள் ஒரு கணத்தில் இருப்பது சுமார் 1250 கேரியர்கள். பிரேக்டவுனில் ஒவ்வொரு கேரியரும் சராசரியாக ஒரு வாரிசை விடுகிறது; சராசரிதான் ஒன்று, நிஜத்தில் ஏறும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் வம்சம் ஒரு நாள் அற்றுப்போகும், அதுதான் அணைதல். ஆனால் கரன்ட் இறங்கும்போது மிச்சக் கரன்ட் கெபாசிட்டன்ஸை நிரப்பி வோல்டேஜை உயர்த்தும், வம்சத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கும். 10 மைக்ரோ ஆம்பியர் குறைவு 1 நானோ நொடி நீடித்தால் 10 ஃபெம்டோ கூலோம். 2 பிக்கோஃபாரட் உள்ள இடத்தில் அது வெறும் 5 மில்லிவோல்ட். 50 ஃபெம்டோஃபாரட் செல்லில் 200 மில்லிவோல்ட்! நாற்பது மடங்கு. இரண்டுக்கும் ஒரே எல்லைக் கரன்ட் பொருந்தும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை. எல்லை எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்பது மின்புலத்தின் வடிவத்தையும் பெருகும் பகுதியின் தடிமனையும் பொறுத்தது, டிசைனுக்கு டிசைன் அளந்துதான் ஆக வேண்டும். மிகை வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய், இருட்டுக் கரன்ட் எதிர்பார்த்த வளைவை விட்டு எகிறும் இடத்தைப் பார்ப்பது ஒரு வழி (அதே எகிறலை ஆஃப்டர் பல்ஸும் பக்கத்துச் செல் தொற்றும்கூட உண்டாக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும்). அளக்காமல் 20 என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

"எதுக்கு வம்பு, ரெண்டு மடங்கா வச்சுட்டுப் போலாமே" என்று கேட்கலாம். வைக்கலாம், விலை உண்டு. 150 கிலோ ஓமும் 90 ஃபெம்டோஃபாரடும் சேர்ந்தால் மீளும் நேர மாறிலி 13.5 நானோ நொடி. 95 சதவீதம் மீள 40 நானோ நொடி. ரெசிஸ்டரை இரட்டித்தால் எல்லாம் இரட்டிக்கும், அதுவரை அந்தச் செல் அரைக் கண்ணோடு இருக்கும். இதில் ஒரு வேடிக்கை, மெதுவாக மீளும் செல்லில் ஆஃப்டர் பல்ஸ் குறைவாகத் தெரியும். சிக்கிக்கொண்ட கேரியர் சீக்கிரமே வெளியே வந்தாலும், செல் சார்ஜ் ஆகாததால் பெரிதாக வெடிக்க முடியாது. ஆகவே "ஆஃப்டர் பல்ஸ் குறைந்துவிட்டது" என்று பெருமையாக வரும் ஒப்பீட்டு வரைபடங்களில், இரண்டு சென்சாரின் மீளும் நேரமும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிலிக்கானின் தரம் உயர்ந்ததா, ரெசிஸ்டர் பெருத்ததா என்று சொல்ல வழியில்லை.

இந்த வேண்டாத விருந்தாளிக் கதையில் ஒரே இடத்தில் மட்டும் ரெசிஸ்டரின் குறை வரமாக மாறுகிறது. ரெசிஸ்டர் கோடு டயோடின் ஓரத்தை ஒட்டி ஓடுவதால் இரண்டுக்கும் இடையில் ஒரு சின்னக் கெபாசிட்டன்ஸ் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுண்ணி என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் அவலாஞ்ச் தொடங்கிய கணத்தில் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவரும் கூர்மையான முனை அதன் வழியாகத்தான் வருகிறது. நூறு பிக்கோ நொடிக்கெல்லாம் சண்டை போடும் பெட் ஸ்கேனர்காரர்கள் நேரம் பார்ப்பது அந்த முனையை வைத்தே. அயர்லாந்தின் சென்ஸ்எல் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு செல்லிலிருந்தும் கெபாசிட்டன்ஸ் வழியாகத் தனியாக ஒரு வேக வெளியீட்டையே இழுத்தது.

பாலிசிலிக்கானின் உண்மையான பலவீனம் குளிரில்தான் வெளிப்படும். அது ஒரே படிகம் இல்லை, சின்னச் சின்னத் துகள்களின் கூட்டம். துகளுக்குத் துகள் இடையில் ஒரு மின் தடுப்புச் சுவர். அதைத் தாண்டக் கேரியருக்கு வெப்பத்தின் உதவி வேண்டும். குளிர்ந்தால் உதவி போய்விடும், மின்தடை ஏறும். அதுவும் நேர்க்கோட்டில் இல்லை. மாசுப் பொருளைக் கூட்டினால் சுவர் தாழும், உண்மை. ஆனால் சதுரத்துக்கான ஓமும் தாழும், கோடு நீளும், இடம் போகும். மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

இது யாருக்கு வலிக்கும்? இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருண்ட பொருளைத் தேட அமைக்கப்படும் டார்க்சைடு-20கே சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 87 கெல்வின் திரவ ஆர்கானில் ஒளிரும் சொற்ப ஒளியைச் சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர்கள் பார்க்க வேண்டும். அந்தக் குளிரில் இருட்டு எண்ணிக்கை, அறை வெப்பத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்குப் பல்லாயிரமாக இருந்தது, ஒன்றுக்கும் கீழே விழுந்துவிடும். அற்புதம். டயோடு சொர்க்கத்தில் இருக்கிறது. ரெசிஸ்டர்? அறை வெப்பத்தில் 150 கிலோ ஓமாக இருந்தது நான்கு மடங்கானது என்று வைத்துக்கொண்டால், மீளும் மாறிலி 13.5-லிருந்து 54 நானோ நொடி. சார்ஜ் மாறாது, விரல்கள் அப்படியே நிற்கும்! ஆனால் பல்ஸின் வால் நான்கு மடங்கு நீளும், உயரம் 20 மைக்ரோ ஆம்பியரிலிருந்து 5-க்கு இறங்கும். பெரிய பரப்புக்காகப் பல சென்சார்களைச் சேர்த்துக் கட்டிய, ஏற்கனவே கெபாசிட்டன்ஸ் மிகுந்த பலகையில், ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலுக்கு மேல் அந்த 5 தலையைத் தூக்க வேண்டும். ஆர்கான் ஒளிக்கு இரண்டு வேகம் உண்டு: சுமார் 7 நானோ நொடி, சுமார் 1.5 மைக்ரோ நொடி. அணுக்கரு மோதலா, வெறும் எலெக்ட்ரான் மோதலா என்று பிரிப்பதே இந்த இரண்டின் விகிதத்தை வைத்து. நேரத்தைக் கலங்கடிக்கும் எதுவும் அங்கே அறிவியலைத் தொடும். ட்ரென்டோவின் எஃப்பிகே ஆய்வகம் குளிருக்கென்றே தனி வகைச் சென்சார்களை உருவாக்கியபோது மின்புலத்தை மட்டுமில்லாமல் ரெசிஸ்டரின் வெப்பச் சார்பையும் கவனிக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

மாற்று வழிகள் வந்திருக்கின்றன. பாலிசிலிக்கானுக்குப் பதில் மெல்லிய உலோகப் படலம் ஒன்று. வெப்பச் சார்பு வெகு குறைவு. ஒளியும் ஓரளவு ஊடுருவும், எனவே டயோடின் மேலேயே படுக்க வைக்கலாம். சிறிய செல்லுக்கு இன்று கையில் உள்ள நல்ல பதில் இதுதான் என்பது என் மதிப்பீடு. உலோகத்திலிருந்து இவ்வளவு மின்தடை பிழிய வேண்டுமானால் படலம் மிக மெல்லியதாக இருக்க வேண்டும், அந்தத் தடிமனைச் சீராக வைத்திருக்க வேண்டும் என்பது தொழிற்சாலையின் தலைவலி.

இன்னொன்று மனசுக்குப் பிடித்த யோசனை, மூனிக்கில் மாக்ஸ் பிளாங்க் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் பிறந்தது. மேலே ரெசிஸ்டரே வேண்டாம். செல்லுக்குக் கீழே உள்ள சிலிக்கானையே ரெசிஸ்டராக்கு. மேல் பரப்பு முழுக்க ஒளிக்கு. படம் பார்த்தால் "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் செங்குத்தாக நிற்கும் ரெசிஸ்டருக்குத் தேவையான ஆழம் சாதாரண வேஃபரின் தடிமனோடு ஒத்துப்போகாது. வேஃபரை ஒட்டி, மெலிதாக்க வேண்டும். செல்லின் அளவைக் கணிசமாக மாற்றினால் மூலப் பொருளையே மாற்ற வேண்டும். அது நேர்மையான ரெசிஸ்டரும் அல்ல, ஃபீல்ட் எஃபெக்ட் டிரான்சிஸ்டர் போல வளைந்து கொடுப்பது, அதனால் மீள்வது இழுத்துக்கொண்டே போகும். இந்தக் குறைகளை அந்தக் குழுவே தங்கள் உரைகளில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது என்பதுதான் எனக்கு அவர்களிடம் பிடித்தது. பெய்ஜிங்கின் என்டிஎல் குழு எபிடாக்ஸியல் அடுக்கையே ரெசிஸ்டராக்கி, சிறிய செல் பக்கம் இதே எண்ணத்தைக் கொண்டுபோனது.

எல்லோரும் இதற்காகத் தூக்கம் கெட வேண்டும் என்று சொல்லவில்லை. மதுரையில் மினி-ஐகால் டிடெக்டரைச் சுற்றிக் காஸ்மிக் மியூயான்களைத் தள்ளிவைக்கும் சுவர் இதே எஸ்13360 வரிசைச் சென்சாரைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே ஒளி குறைவு, துடிப்புகள் அரிது, வெப்பம் அறை வெப்பம். கவனிக்க வேண்டியது பிரேக்டவுன் வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு 54 மில்லிவோல்ட் நகர்வதை. 10 டிகிரிக்கு அரை வோல்ட். 3 வோல்ட் மிகையில் அது பெரிய பங்கு. அந்த எண் டேட்டாஷீட்டில் இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். என் ஆதங்கமே அதுதான்: பிரேக்டவுனின் வெப்பச் சார்பை அச்சிடும் டேட்டாஷீட்டுகளில் பலவற்றில், ரெசிஸ்டரின் மதிப்பும் அதன் வெப்பச் சார்பும் ஒரு வரிகூட இருப்பதில்லை. குளிரில் ஓட்டப் போகிறவரும் வேகமாக ஓட்டப் போகிறவரும் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

நல்ல வேளை, அளப்பது சுலபம். சென்சாரை நேர் திசையில் திருப்பி இணையுங்கள். டயோடுகள் திறந்த பிறகு கரன்ட்டைக் கட்டுப்படுத்துவது ரெசிஸ்டர்கள் மட்டுமே, எல்லாம் இணையாக. 3 மில்லிமீட்டர் சதுரத்தில் 50 மைக்ரான் செல்கள் 3600. தலைக்கு 150 கிலோ ஓம் என்றால் வெளியே தெரிவது சுமார் 42 ஓம். வளைவின் நேரான பகுதியின் சரிவைச் செல்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் விடை. 10 மில்லி ஆம்பியர் வரை போனால் போதும், அதற்கு மேல் சென்சார் சூடாகி எண் நகரும். அடிப்பகுதியின் மின்தடை ஓரிரு ஓம் சேரலாம், கழித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பயஸ் ஃபில்டருக்காகப் போர்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு அளக்கவும். இல்லையென்றால் நாள் முழுக்க அதைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.